விடுமுறை வேதாகமப் பள்ளியின் செலவைக் குறைப்பது எப்படி?

கடலூரில் ஐம்பது பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளியை, அதாவது கோடை விடுமுறையில் திருச்சபை நடத்தும் பைபிள் வகுப்பை, குறைந்த செலவில் நடத்த வழி கேட்டிருக்கிறீர்கள். முதலில் உணவைக் கவனியுங்கள். பணம் பெரும்பாலும் அங்கேதான் கரைகிறது. காலை 8.30 மணிக்குத் தொடங்கி, மே மாத வெயில் உச்சிக்கு ஏறுமுன் முடித்துவிட்டால் மதியச் சாப்பாடே தேவைப்படாது. இடைவேளைக்கு, பிஸ்கட்டுக்கும் குளிர்பானத்துக்கும் பதிலாக, சபையின் தாய்மார்கள் முறைவைத்து அவிக்கும் சுண்டலையும், கரைக்கும் நீர்மோரையும், அந்தப் பருவத்தில் பண்ருட்டியிலிருந்து வந்து குவியும் பலாப்பழத்தின் சுளைகளையும் கொடுக்கலாம். கைவேலைக்குப் பழைய திருமண அழைப்பிதழ்களும் தென்னை ஓலையும் போதும். பாடப் புத்தகத்தை ஆசிரியர்களுக்கு மட்டும் வாங்குங்கள். அதை நகலெடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது நேர்மையன்று, வசனங்களை அவர்களே நோட்டில் எழுதட்டும். அச்சிட்ட டி-சர்ட்டைத் தயங்காமல் விட்டுவிடலாம். சுத்தமான குடிநீர், முதலுதவிப் பெட்டி ஆகிய இரண்டிலும் மட்டும் ஒரு ரூபாயும் குறைக்காதீர்கள்.