காது கேளாத குழந்தையும் மூவண்ணப் பூனையும்

வாசகர் கேள்வி-பதில்: மரபணு

மரபணு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். வந்ததில் பாடப்புத்தகக் கேள்விகள் குறைவு, வீட்டுக் கேள்விகள்தான் அதிகம். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன்.

கேள்வி: எனக்கு 24 வயது. தாய்மாமனைத்தான் கட்டிக்கொண்டேன், அதனால் என் அம்மாச்சிதான் எனக்கு மாமியார். இரண்டு வயது மகனுக்குக் காது கேட்கவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. "எங்க வம்சத்துல இப்படி யாருமே இல்லை, இது உன் அப்பன் வழியில வந்தது" என்று அம்மாச்சி தினமும் சொல்கிறார். உண்மையா? அடுத்த குழந்தைக்கும் வருமா? (திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: மரபணுவைப் பிறகு பார்க்கலாம், முதலில் பையனைக் கவனியுங்கள். பேச்சு மூளையில் பதிகிற வயது இது, ஒவ்வொரு மாதமும் முக்கியம். சத்தத்துக்கு மூளை பதில் தருகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனை செய்து எவ்வளவு கேட்கிறது என்று உறுதிசெய்துகொண்டு, மருத்துவர் சொன்னால் உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவியான காக்ளியர் இம்ப்ளான்ட் பற்றி உடனே பேசுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை உண்டு. அதற்குப் பிறகு பேச்சுப் பயிற்சியும் விடாமல் கொடுக்க வேண்டும்.

அப்புறம் காரணம். கர்ப்பத்தில் வந்த ருபெல்லா, பிறந்ததும் வந்த கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் என்று மரபணுவுக்குச் சம்பந்தமில்லாத காரணங்களும் இருக்கின்றன, அதையெல்லாம் மருத்துவர் கேட்பார். அது எதுவும் இல்லை, மரபணுதான் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது, ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. பிறவியிலேயே காது கேளாமல் போவதில் அடிக்கடி மாட்டுவது ஜி.ஜே.பி.2 என்கிற மரபணு. உள்காதில் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் பொட்டாசியம் போவதற்கான வாசலை அதுதான் கட்டுகிறது. ஒரு பிரதி கெட்டுப்போனாலும் மற்றது சமாளித்துவிடும், அந்த ஆளுக்குக் காது நன்றாகக் கேட்கும், தான் ஒரு கேரியர் என்று சாகும்வரை தெரியாது. இரண்டும் கெட்டிருந்தால்தான் காது கேட்காது. அதனால் "எங்க வம்சத்துல யாருமே இல்லை" என்பது எதற்கும் சாட்சி கிடையாது, மூன்று நான்கு தலைமுறை அது ஒளிந்தே வந்திருக்கலாம்.

இப்போது அம்மாச்சி சொல்வதற்கு வருகிறேன். உங்கள் மகனுக்கு இரண்டு கெட்ட பிரதிகள் வேண்டும், அதில் ஒன்றைக் கொடுத்தது உங்கள் கணவர். உங்கள் கணவருக்கு அதைக் கொடுத்தது யார்? அவருடைய அப்பா அம்மா, அதாவது உங்கள் தாத்தாவோ அம்மாச்சியோ. அந்தப் பிரதி உங்கள் அப்பாவிடமிருந்து வருவதற்கு வழியே கிடையாது. இன்னொன்று உங்கள் மூலம் வந்தது. அது உங்கள் அப்பா கொடுத்ததாகவும் இருக்கலாம், ஆனால் தாய்மாமன் கல்யாணத்தில் பெரும்பாலும் அதே தாத்தா பாட்டியின் அதே பிரதிதான் உங்கள் அம்மா வழியாக உங்களுக்கும் வந்து, மகனிடம் மறுபடி ஒன்றுசேர்கிறது. அம்மாச்சியைத் திருப்பிக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவரும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. நம் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒளிந்திருக்கிற கெட்ட பிரதிகள் சில இருக்கின்றன, எனக்கும் உண்டு. ஆனால் ஒரு பெண்ணின் பிறந்த வீட்டைத் தினமும் பழிப்பது நிற்க வேண்டும், இந்தப் பதிலை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

கணக்கு வேண்டுமென்றால்: தாத்தா மட்டும் கேரியர் என்று வையுங்கள். உங்கள் கணவருக்கு அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு, உங்கள் அம்மாவுக்கு இரண்டில் ஒன்று, அங்கிருந்து உங்களுக்கு நான்கில் ஒன்று. இருவருமே கேரியர் ஆவதற்கு எட்டில் ஒன்று, அதிலும் குழந்தைக்கு இரண்டும் கெட்டதாகச் சேர முப்பத்திரண்டில் ஒன்று. ஒரு கெட்ட பிரதிக்குத்தான் இந்தக் கணக்கு, தாத்தா பாட்டியிடம் இருப்பது ஒன்றோடு முடியாது. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் இந்த ஆபத்து இதில் பாதி. சொந்தத்தில் கட்டுகிற பெரும்பாலானவர்களுக்கு நல்ல குழந்தைகளே பிறக்கின்றன என்பதும் உண்மை, அதனால்தான் ஊரில் யாரும் இதை நம்புவதில்லை.

அடுத்த குழந்தை? நீங்கள் இருவரும் கேரியர் என்று உறுதியானால் ஒவ்வொரு பிரசவத்துக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேருக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஒவ்வொரு தடவையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே பையனின் ரத்தத்தில் எந்த மாற்றம் என்று கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அது தெரிந்தால்தான் உங்கள் இருவரையும் சரியாகச் சோதிக்க முடியும், உங்கள் அம்மா வழிச் சொந்தத்தில் கல்யாணப் பேச்சு நடக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

கேள்வி: வெள்ளை ராஜபாளையம் குட்டி ஒன்று வாங்கினோம். பார்த்தால் ஓடி வருகிறது, கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. வளர்ப்புச் சரியில்லையா? (விருதுநகர்)

பதில்: வளர்ப்பில் தவறு இல்லை, பெரும்பாலும் அதற்குக் காது கேட்கவில்லை. அது தூங்கும்போது தரை அதிராமல் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள், காது மடல்கூட அசையாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தைகளுக்குச் செய்கிற அதே பெரா சோதனை நாய்களுக்கும் இருக்கிறது.

தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கிற செல்கள்தான் உள்காதிலும் ஒரு அடுக்கில் உட்கார்ந்து, அங்கேயுள்ள திரவத்தில் பொட்டாசியம் குறையாமல் பார்த்துக்கொள்கின்றன. திண்டுக்கல் குழந்தைக்குச் சொன்னேனே, அதே பொட்டாசியம்தான். கரு வளரும்போது இந்த நிறச் செல்கள் முதுகுப் பக்கத்திலிருந்து கிளம்பி உடம்பெல்லாம் பரவ வேண்டும். வெள்ளை முடி தருகிற சில மரபணுக்கள் அந்தப் பயணத்தையே தடுத்துவிடுகின்றன. காதுவரை அவை வந்து சேராவிட்டால் குட்டி பிறந்த சில வாரங்களில் கேட்கும் செல்கள் அழிந்துபோகும். நீலக்கண் வெள்ளைப் பூனைகள் பெரும்பாலும் செவிடாக இருப்பதை டார்வினே எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் சோதித்துப் பார்த்த டால்மேஷன் நாய்களில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை.

குட்டியைக் கைவிட்டுவிடாதீர்கள். கைச் சைகையில் பழக்கினால் அது நன்றாகவே கற்றுக்கொள்ளும், தெருவில் மட்டும் சங்கிலி இல்லாமல் விடக்கூடாது, பின்னால் வரும் லாரி அதற்குக் கேட்காது. அதை இனவிருத்திக்கும் விடாதீர்கள். தூய வெள்ளை வேண்டும் என்று கேட்டுக் கேட்டே நாம்தான் இந்த நாய்க்கு இந்த நிலைமையைக் கொண்டுவந்தோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: எங்கள் தெருவில் கறுப்பு, செம்பட்டை, வெள்ளை என மூன்று நிறம் கலந்த பூனைகள் எல்லாமே பெண்ணாக இருக்கின்றன. தற்செயலா? (காரைக்கால்)

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள், தற்செயல் இல்லை. மரபணுக்களைச் சுமக்கிற இழைகளுக்குக் குரோமோசோம் என்று பெயர், செம்பட்டை நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பூனைக்கு ஒரே எக்ஸ், அதனால் அது செம்பட்டையாக இருக்கும் அல்லது இருக்காது. பெண் பூனைக்கு இரண்டு எக்ஸ். கரு சின்னதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒரு எக்ஸை மூடி வைத்துவிடுகிறது, எதை மூடுவது என்பதற்கு ஒழுங்கு கிடையாது. அந்தச் செல்லிலிருந்து பெருகுகிற எல்லாச் செல்களும் அதே முடிவைப் பின்பற்றும். அதனால்தான் ஒரு திட்டு செம்பட்டை, பக்கத்துத் திட்டு கறுப்பு. (வெள்ளை வேறொரு மரபணுவின் வேலை.) இந்த மூடி வைக்கும் விஷயத்தை மேரி லயன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1961-இல் எலிகளின் நிறத்தைப் பார்த்துத்தான் சொன்னார். செம்பட்டைக்குக் காரணமான மாற்றம் எது என்று துல்லியமாகத் தெரிந்தது 2025-இல்தான். ஏ.ஆர்.எச்.ஜி.ஏ.பி.36 என்ற மரபணுவில் சுமார் 5,000 டி.என்.ஏ. எழுத்துகள் காணாமல் போயிருப்பதை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. எப்போதாவது மூவண்ண ஆண் பூனை பிறந்தால் பெரும்பாலும் அதற்கு எக்ஸ் எக்ஸ் ஒய் என்று ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2001 டிசம்பரில் டெக்சாஸில் ஒரு செல்லிலிருந்து நகலெடுத்த முதல் குளோனிங் பூனைக்குட்டி பிறந்தது. ரெயின்போ என்ற மூவண்ணப் பூனையின் அதே டி.என்.ஏ., ஆனால் குட்டியின் உடம்பில் செம்பட்டையே இல்லை! குளோனுக்கு எடுத்த அந்த ஒரு செல்லில் செம்பட்டை எக்ஸ் மூடியிருந்தது, அது திறக்கவில்லை. செத்துப்போன செல்லப்பிராணியை அப்படியே திரும்பக் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். மனிதர்களில் பெண்களும் இதே மாதிரிதான், வெளியே திட்டாகத் தெரியாது, அவ்வளவுதான். ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோயின் கேரியர் பெண்களில் சிலருக்கு மட்டும் ரத்தம் உறைவது குறைவாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

கேள்வி: மூன்றாவதும் பெண். என்னால்தான் என்கிறார்கள். (சேலம்)

பதில்: இல்லை. உங்கள் முட்டையில் எப்போதும் எக்ஸ் மட்டும்தான் இருக்கும். கணவரின் விந்தணுவில் எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண். அதுவும் அவர் முடிவு செய்வதில்லை. மூன்று பிள்ளைகளையும் நன்றாகப் படிக்க வையுங்கள்.

கேள்வி: மனித நோயைப் புரிந்துகொள்ள ஈயையும் எலியையும் ஏன் ஆராய வேண்டும்? (பிளஸ் டூ மாணவி, நாகர்கோவில்)

பதில்: மனிதர்களில் மூன்று தலைமுறை பார்க்க 75 வருடம் வேண்டும், பழ ஈயில் ஒன்றரை மாதத்துக்குள் பார்த்துவிடலாம். வாழைப்பழம் அழுகினால் சுற்றுமே, அந்தக் குட்டி ஈதான். 1910-இல் நியூயார்க்கில் மோர்கன் என்பவர் சிவப்புக் கண் ஈக்களுக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கண் ஆண் ஈயைப் பார்த்து, அதன் சந்ததியைக் கலந்து கலந்து எண்ணியதில்தான் மரபணு குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைத்தது. மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் சுமார் நான்கில் மூன்று பங்குக்கு ஈயிலும் ஒரு சொந்தக்கார மரபணு இருக்கிறது. எலி நம்மைப் போலப் பாலூட்டி, அதில் ஒரு குறிப்பிட்ட மரபணுவை மட்டும் அணைத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்கலாம். அந்த வழியைக் கண்டுபிடித்த கப்பெக்கி, எவன்ஸ், ஸ்மித்திஸ் மூவருக்கும் 2007-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: நாங்கள் பணியர் பழங்குடி. மகனுக்குச் சிக்கிள் செல் நோய். கிரிஸ்பர் என்று ஒரு சிகிச்சை வந்திருக்கிறது, மரபணுவையே திருத்திவிடலாம் என்கிறார்கள். அவனுக்குச் செய்தால் நாளை அவன் பிள்ளைகளுக்கும் வராதா? (கூடலூர்)

பதில்: உங்கள் மலைக்கும் இந்த நோய்க்கும் பழைய தொடர்பு உண்டு. இந்தியாவில் இந்த மரபணு இருப்பது முதன்முதலில் தெரிந்ததே 1952-இல், நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்தபோதுதான். நம் டி.என்.ஏ.வில் சுமார் 300 கோடி எழுத்துகள், அதில் ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு எழுத்தால் சிவப்பணு அரிவாள் போல வளைந்து ரத்தக்குழாயில் சிக்கிக்கொள்கிறது, மகனுக்கு வரும் வலி அதனால்தான். ஒரு பிரதி மட்டும் மாறியிருப்பவர்களுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைத்தது, அதனால்தான் மலேரியா இருந்த காடுகளில் இது தலைமுறை தலைமுறையாகத் தங்கியது. இதில் வெட்கப்பட எதுவுமே இல்லை. உங்கள் முன்னோர்கள் காய்ச்சலில் பிழைத்துவந்ததன் அடையாளம் இது.

கிரிஸ்பர் சிகிச்சை உண்மைதான். காஸ்ஜெவி என்ற பெயரில் 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்தன. இதில் மாறிப்போன எழுத்தைத் திருத்துவதில்லை, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நாம் கருவில் இருக்கும்போது வேறு ஒரு ஹீமோகுளோபினை உபயோகிக்கிறோம், பிறந்த பிறகு பி.சி.எல்.11.ஏ என்ற மரபணு அதை அணைத்துவிடும். நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களை, அதாவது ரத்த செல்களை உருவாக்கும் மூல செல்களை, வெளியே எடுத்து, அணைக்கிற அந்த ஸ்விட்சை வெட்டிவிட்டுத் திரும்பச் செலுத்துகிறார்கள், பழைய கரு ஹீமோகுளோபின் மறுபடி உற்பத்தியாகிறது. அதற்கு முன்னால் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்யக் கடுமையான கீமோதெரபி கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர், நம் பணத்தில் 18 கோடி ரூபாய்க்கு மேல். இந்த விலையில் அதை நம்பி நீங்கள் காத்திருக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். நம் நாட்டிலும் வேலை நடக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஹீமோபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு ஸ்டெம் செல்லில் நல்ல மரபணுவைச் சேர்த்து ரத்தக்கசிவை நிறுத்தியதை 2024-இல் வெளியிட்டார்கள், டெல்லியில் உள்ள அரசு ஆய்வகம் ஒன்று சிக்கிள் செல்லுக்கே கிரிஸ்பர் முறையை உருவாக்கிவருகிறது.

பிள்ளைகளுக்கு வராதா என்று கேட்டீர்கள். வரும் வாய்ப்பு அப்படியே இருக்கும். திருத்துவது ரத்த செல்களை மட்டும், விந்தணுவை இல்லை. அவன் குணமானாலும் அவனுடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாறிய பிரதி போகும். கருவிலேயே திருத்தினால் சந்ததிக்கும் போகும்தான், ஆனால் இந்தியாவில் அதற்குத் தடை இருக்கிறது, இருக்கவும் வேண்டும். 2018-இல் சீனாவில் ஹே ஜியான்குயி என்பவர் அப்படித் திருத்திய கருவிலிருந்து இரட்டைக் குழந்தைகளைப் பிறக்கவைத்து மூன்று வருடம் சிறைக்குப் போனார். வெட்டு விழக்கூடாத இடத்தில் விழுந்தால் அந்தக் குழந்தையும் அதன் வாரிசுகளும் சுமக்க வேண்டும், அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இப்போது செய்யக்கூடியது: ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் விடாமல் கொடுங்கள், வலி வருவதும் ரத்தம் ஏற்றுவதும் நன்றாகவே குறையும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், குளிரில் நனையக்கூடாது, தடுப்பூசிகள் எதுவும் விட்டுப்போகக்கூடாது, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. 2023-இல் ஆரம்பித்த தேசிய சிக்கிள் செல் திட்டத்தில் 40 வயது வரை உள்ளவர்களுக்குப் பழங்குடிப் பகுதிகளில் சோதனை செய்து அட்டை கொடுக்கிறார்கள், வீட்டில் எல்லோரும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்குப் பெண் பார்க்கும்போது பெண்ணின் அட்டையையும் கேட்டுப் பாருங்கள். அவளிடம் மாறிய பிரதி இல்லையென்றால் பிள்ளைகள் கேரியராக மட்டும்தான் இருப்பார்கள், இந்த நோய் யாருக்கும் வராது.