ராணுவ ஓய்வூதியத்திலிருந்து குழந்தைக்குப் பணம் வருமா?

அமெரிக்க ராணுவத்தில் இருந்த கணவரோடு எட்டு ஆண்டுகள்தான் வாழ்ந்தீர்கள், பத்து ஆகாததால் குழந்தைக்கும் அவருடைய ஓய்வூதியத்தில் ஒன்றும் கிடைக்காது என்று யாரோ சொன்னதாகக் கேட்டிருக்கிறீர்கள். அது தவறு. பலரைப் பயமுறுத்தும் தவறும்கூட.

1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விவாகரத்தின்போது ராணுவ ஓய்வூதியத்தைச் சொத்தாகக் கருதி மாநில நீதிமன்றம் பங்கிடலாம். அந்தப் பங்கை அரசு அலுவலகம் உங்களுக்கு நேரடியாக அனுப்பத்தான் 10 ஆண்டுத் திருமணம், அந்தத் திருமணக் காலத்திலேயே 10 ஆண்டு ராணுவப் பணி என்ற நிபந்தனை. அது பொருந்தாவிட்டாலும் நீதிமன்றம் பங்கு தரலாம். கணவர்தான் செலுத்த வேண்டும்.

குழந்தைக்கான ஜீவனாம்சத்துக்கு இந்த நிபந்தனையே இல்லை. பணத்தைப் பிடித்தம் செய்யச் சொல்லும் முறையான உத்தரவு போனால் ஓய்வூதியத்திலிருந்து நேரடியாகப் பிடிப்பார்கள். சொத்துப் பங்குக்கு உச்சவரம்பு 50%, ஜீவனாம்சமும் சேர்ந்தால் 65%.

ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, வரியில்லாத ஊன இழப்பீடாக அவர் வாங்கினால்? அந்தத் தொகையைச் சொத்தாகப் பங்கிட முடியாது. ஆனால் அது குடும்பத்துக்கும் சேர்த்துத் தரப்படுவதே என்று 1987-இல் ரோஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே ஜீவனாம்சக் கணக்கில் அதையும் வருமானமாகச் சேர்க்கும்படி உங்கள் வழக்கறிஞரிடம் கட்டாயம் கேளுங்கள்.