பிஸி பீவர் 5-க்கு விடை கிடைத்துவிட்டதே, 6-க்கு ஏன் இன்னும் இல்லை?

பிரிக்ஃபீல்ட்ஸ் டியூஷனில் படிவம் 5 பிள்ளைகளுக்கு இதை 20 சென் காசுகளை வைத்துத்தான் காட்டுவேன். மேசையில் நீளமாகக் கட்டங்கள். காசு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. டூரிங் எந்திரம் என்ற கற்பனைக் கணினி விதிப்படி காசை வைக்கும் அல்லது எடுக்கும், பக்கத்துக் கட்டத்துக்கு நகரும். ‘நிலை’ என்பது அது அந்த நேரத்தில் பின்பற்றும் விதித்தொகுப்பு. 2 நிலை எந்திரம் ஒன்று 4 காசை வைத்துவிட்டு 6-ஆவது படியில் நிற்கும். காசே இல்லாத மேசையில் தொடங்கி, என்றாவது நிற்கக்கூடிய எந்திரங்களில் அதிகப் படிகள் ஓடுவது எது? 1962-இல் கணிதர் டிபோர் ராடோ கேட்ட பிஸி பீவர் கேள்வி இதுதான். 3 நிலைக்கு 21, 4-க்கு 107.

5-க்கு 47,176,870. அந்த எந்திரம் 1989-லேயே கிடைத்துவிட்டது. மற்ற எந்திரங்கள் அதற்குமுன் நிற்கும் அல்லது நிற்கவே நிற்காது என்று நிரூபிக்க 2024 ஆயிற்று. பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து செய்தது, அவர்களில் பலர் பேராசிரியர்களே இல்லை. காக் என்ற மென்பொருள் நிரூபணத்தை வரிவரியாகச் சரிபார்த்தது. எனக்கு இதில் அவ்வளவு பெருமை!

சரி, 6? அங்கே ஆன்டிஹைட்ரா என்ற 6 நிலை எந்திரம் வழிமறிக்கிறது. 8-இல் தொடங்கி, எண்ணோடு அதன் பாதியைக் கூட்டுங்கள், அரை வந்தால் விடுங்கள்: 8, 12, 18, 27, 40, 60, 90, 135... இதில் ஒற்றை எண்களின் எண்ணிக்கை எப்போதாவது இரட்டை எண்களின் எண்ணிக்கையைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டினால் எந்திரம் நிற்கும். இரண்டும் ஏறக்குறைய சமமாகவே வருவதால் நிற்காது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அதை நிரூபிக்கும் கணிதம் இன்னும் யார் கையிலும் இல்லை.