தேக்கு ஃபர்னிச்சருக்கு எந்த சாண்டர் (மரம் தேய்க்கற மெஷின்) வாங்கறது? கேள்வி பதில்

வேளச்சேரில இருந்து: அண்ணா, பழைய தேக்கு டைனிங் டேபிள் இருக்கு, பாலிஷ் எடுத்துட்டு பி.யு. (பாலியூரிதேன் பூச்சு) அடிக்கணும். பெல்ட் சாண்டரா ஆர்பிட்டலா?

ஒரு மெஷின்தான் வாங்கப் போறீங்கன்னா அஞ்சு இன்ச் ரேண்டம் ஆர்பிட்டல், யோசிக்கவே வேணாம். டிஸ்க் சுத்திக்கிட்டே ஆடவும் செய்யும், அதனால கோடு திரும்பத் திரும்ப ஒரே இடத்துல விழாது, மரத்தோட ரேகைக்கு குறுக்க போனாலும் அவ்வளவா தெரியாது. பெல்ட் சாண்டர் மேடு பள்ளம் சரி பண்றதுக்கு, கொஞ்சம் அசந்து ஒரே இடத்துல நிப்பாட்டினா பள்ளம் எடுத்துடும். பழைய பாலிஷை முதல்ல ரிமூவர் போட்டு சுரண்டிடுங்க, இல்லன்னா சூட்டுல இளகி உப்புத்தாள் பேப்பர் பூரா அப்பிக்கும்.

அம்பத்தூர்ல இருந்து: சார், பாக்ஸ்ல ஆர்பிட் 2.5 எம்.எம்., 5 எம்.எம்.னு போட்டிருக்கே?

ஆட்டம் எவ்ளோ அகலம்னு அர்த்தம். 5 வேகமா அறுக்கும், 2.5 நைஸா முடிக்கும். ஃபினிஷிங்தான் முக்கியம்னா 2.5 பக்கமே பாருங்க. பாஷ் ஜி.இ.எக்ஸ். 125-1 ஏ.இ. அந்த வகைதான், 250 வாட்ஸ், வீட்டு வேலைக்கு அது போதும். ஸ்பீடு கன்ட்ரோல் இல்லாததை வாங்காதீங்க.

போரூர்ல இருந்து: ஸ்டெயின் (மரத்துக்கு நிறம் ஏத்தறது) அடிச்ச பிறகு சுருள் சுருளா கோடு தெரியுது, மெஷின் சரியில்லையா?

மெஷின் மேல பழி போடாதீங்க. மூணு காரணம்தான் வரும், கைய அழுத்தறது, தேஞ்சு போன பேப்பர், நடுவுல ஒரு பேப்பர் நம்பரைத் தாவறது (நம்பர் சின்னதுன்னா சொரசொரப்பு, பெருசுன்னா நைஸ்). அழுத்தினா டிஸ்க் சுத்தறது நின்னுடும், ஆட்டம் மட்டும் மிஞ்சும், அந்த சுருள் அங்கதான் விழுது. மெஷினோட வெயிட்டே போதும், கைய சும்மா மேல வச்சு வழி மட்டும் காட்டுங்க, ரொம்ப மெதுவா நகர்த்துங்க. 80, 120, 180, 220னு வரிசையா போங்க. ஒவ்வொரு நம்பருக்கு முன்னாடியும் பலகை மேல பென்சில்ல லேசா கிறுக்கி விடுங்க, கிறுக்கல் எல்லா இடத்துலயும் போன பிறகுதான் அடுத்த பேப்பர். நம்பர் மாத்தும்போது தூசியை நல்லா துடைச்சிடணும், 80 பேப்பர்ல இருந்து உதிர்ந்த ஒரு மணல் போதும் 220ல பண்ண வேலை முழுக்க வீணாக. கடைசியா 220 உப்புத்தாளை கட்டையில சுத்தி ரேகை போற திசையிலயே கையால ஒரு தடவை இழுங்க. இந்தக் கடைசி வேலையைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க, எனக்கு அது நிஜமாவே வருத்தம்.

பெரம்பூர்ல இருந்து: ஆசாரி கிரைண்டர்ல ஃப்ளாப் டிஸ்க் (உப்புத்தாளை இதழ் இதழா அடுக்கின வட்டு) போட்டு தேய்க்கறார், ஓகேவா?

நாற்காலி கால், வளைவுக்கு ஷேப் எடுக்க ஓகே. டேபிள் டாப்ல மட்டும் வேணாம்னு தன்மையா சொல்லுங்க.

அண்ணா நகர்ல இருந்து: வெனீர் (மேல ஒட்டற மெல்லிய மரத்தகடு) அடிச்ச கதவுக்கு?

வெனீர் அரை எம்.எம். பக்கம்தான் இருக்கும், 180 நம்பருக்கு கீழ உள்ள பேப்பரைத் தொடாதீங்க, ஓரத்துல மெஷினே வேணாம், கையால.

மடிப்பாக்கத்துல இருந்து: ஃப்ளாட்ல பால்கனில பண்ணலாமாண்ணா? சின்ன குழந்தை இருக்கு.

இதை லேசா எடுத்துக்காதீங்கம்மா. மரத்தூளை உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995லயே புற்றுநோய் உண்டாக்கற பொருள்னு முதல் பிரிவுல வச்சிருக்கு. மெஷின்ல வர்ற சின்ன பை மட்டும் பத்தாது, வேக்யூம் கிளீனர் ஹோஸ் மாட்டுங்க, என்95 மாஸ்க் போடுங்க, பால்கனி கதவை மூடுங்க, குழந்தையை அன்னிக்கு பாட்டி வீட்ல விட்டுடுங்க.

தாம்பரத்துல இருந்து: பேப்பர் எங்க வாங்கறது?

சென்னை பாரிஸ் கார்னர்ல செம்புதாஸ் தெருப் பக்கம் டூல்ஸ் கடைங்க இருக்கு. வெல்க்ரோ டிஸ்க்னு கேளுங்க, உங்க மெஷின் அடியில இருக்கற பேட்ல எத்தனை ஓட்டைன்னு எண்ணிட்டுப் போங்க, ஓட்டை பொருந்தலன்னா தூசி உள்ள இழுக்காம பேப்பர் சீக்கிரம் அடைச்சுக்கும். 120ஐ மத்ததைவிட கூட வாங்கி வைங்க, நிறைய தேயறது அதுதான்.