வேர்க்காத பானை

அன்புள்ள சார்,

கணவரின் வேலைக்காக மாட்ரிட் வந்து ஒன்பது மாதம் ஆகிறது. இந்த ஊர் ஜூலை, நம் அக்னி நட்சத்திரத்துக்குச் சளைத்ததில்லை. தண்ணீர் குளிர 'பொத்தீஹோ' என்ற மண்கூஜா வாங்கச் சொன்னார் பக்கத்து வீட்டுப் பாட்டி. கடைத்தெருவில் நீலமும் மஞ்சளுமாகப் பூவும் பறவையும் வரைந்த ஒன்றை ஆசையாக வாங்கினேன். ஐந்து நாளாகத் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன், கொஞ்சமும் குளிரவில்லை. மாமியாரிடம் போனில் சொன்னால் சிரிக்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா? இன்னொன்று, இங்கே மட்பாண்டக் கலைஞர்களை யுனெஸ்கோ வரை கொண்டுபோய்க் கொண்டாடுகிறார்கள். நம்மூர்க் குயவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஆர்., மாட்ரிட்

அன்புள்ள ஆர்.,

உங்கள் மாமியார் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. கூஜாவின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழவழவென்று, பொட்டு ஈரமில்லாமல் இருக்கும். பானை வேர்த்தால்தானே தண்ணீர் குளிரும்? உங்களுடையது வேர்க்காது. அதன் மேல் முழுக்கப் பளபளப்புப் பூச்சு ஏற்றிச் சுட்டிருக்கிறார்கள். நீங்கள் வாங்கியது பொத்தீஹோ வடிவத்தில் ஒரு ஓவியம். ஏமாந்தீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஓவியத்துக்கும் காசு உண்டு.

என்னிடம் நிஜமான ஒன்று இருக்கிறது. அலிகாந்தே பக்கம் அகோஸ்த் என்ற ஊரில் செய்தது, நண்பர் ஒருவர் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். வெளுத்த எலும்பின் நிறம். பூவில்லை, பறவையில்லை. உருண்டை வயிறு, உச்சியில் வளையமாக ஒரு கைப்பிடி. அதன் ஒரு பக்கம் தண்ணீர் ஊற்ற அகலமான வாய், எதிர்ப்பக்கம் குடிக்கச் சின்ன மூக்கு. விரலால் சுண்டினால் வெங்கலம் மாதிரி ஒலிக்கிறது. அந்த வெளுப்பு சாயத்தால் வந்ததில்லை. அகோஸ்த்திலும் கோர்தோபா மாகாணத்து லா ரம்ப்லாவிலும் களிமண்ணோடு உப்பைச் சேர்த்துப் பிசைகிறார்கள். சூளையில் வெந்ததும் மண் வெளுக்கிறது, நுண்துளைகளும் கூடுகின்றன.

வேலையின் சூட்சுமம் அந்தத் துளைகளில்தான். பானை ஒழுகக் கூடாது, ஆனால் கசிய வேண்டும். அதிகம் வெந்தால் துளை அடைபட்டுப்போகும், குறைவாக வெந்தால் ஊறிப் பிசுபிசுக்கும். சுவர் தடித்தாலும் சரி வராது. இந்த நூலிழை வித்தியாசத்தைக் குயவர் கையும் சூளைக்காரர் கண்ணும் பிடிக்க வேண்டும். எந்தப் படமும் வரையாத பானையில் இவ்வளவு கைத்திறன் ஒளிந்திருப்பது கடைக்கு வருபவர் கண்ணுக்குத் தெரியாது.

'பொத்தீஹோவின் இயந்திர நுட்பத்தைவிட எளிமையானவன்' என்று ஸ்பானியர்கள் அப்பாவிகளைக் கேலி செய்வார்கள். 1995இல் உங்கள் மாட்ரிட்டின் பொலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் கபிரியேல் பின்தோ, ஸுபிஸரெத்தா என்ற இரண்டு பேராசிரியர்கள் அந்த எளிமையைக் கணக்காகப் போட்டுப் பார்த்தார்கள். கடும் சூட்டில் வைத்த பொத்தீஹோவில் சில மணி நேரத்தில் தண்ணீர் சுமார் 15 டிகிரி குளிர்ந்தது. அதை விளக்க வகைக்கெழுச் சமன்பாடுகள் தேவைப்பட்டன. காய்ந்த காற்றும் கசியும் சுவரும் சேர்ந்தால் ஆவியாகும் நீர், உள்ளே இருக்கும் நீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். என் பொத்தீஹோவோ சென்னையில் கடலுக்குப் பக்கத்தில் ஒரு பால்கனியில் உட்கார்ந்திருக்கிறது. வேர்க்கிறது, பாவம், என்னைப் போலவே. ஆனால் இங்கே காற்றே ஈரம் என்பதால் தண்ணீர் பேருக்குத்தான் குளிர்கிறது. உங்கள் ஊர்க் காற்றுக்காகப் பிறந்த பாத்திரம் அது.

ஸ்பெயினின் ஓவியர் வெலாஸ்கெஸ் இருபது வயதுவாக்கில், 1620ஐ ஒட்டி, செவில்லா நகரத் தெருவில் தண்ணீர் விற்பவர் ஒருவரை வரைந்தார். லண்டனில் இருக்கிறது அந்தப் படம். இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். முன்னால் ஒரு பெரிய மண்சாடி, அதன் வயிற்றில் நீர்த்துளிகள் வழிந்து நிற்கின்றன. சாடி வேர்ப்பதை ஓவியர் கவனித்திருக்கிறார் பாருங்கள். கண்ணாடிக் குவளைக்குள் ஒரு அத்திப்பழம்கூடக் கிடக்கும், தண்ணீருக்குச் சுவையேற்ற.

இனி யுனெஸ்கோ விஷயம். 2019இல் அவர்களுடைய கலாச்சார மரபுப் பட்டியலில் ஏறியது ஸ்பெயினின் தலவேரா தெ லா ரெய்னா, எல் புவென்தே தெல் அர்ஸொபிஸ்போ ஆகிய ஊர்களின் மட்பாண்டம், மெக்ஸிகோவின் புயெப்லா, த்லக்ஸ்கலா மாநிலங்களோடு சேர்த்து. அது வேறு தொழில். அங்கே முதல் சூட்டில் வெந்த தட்டை வெள்ளைப் பூச்சுக் கரைசலில் முக்கி எடுப்பார்கள். காய்ந்தால் அது மாவு மாதிரி உட்கார்ந்திருக்கும். துளையிட்ட தாளை வைத்துக் கரிப்பொடி தட்டிப் படத்தின் தடத்தை இறக்குவார்கள். நம் ஊரில் ஆரி வேலைக்காரர்கள் ப்ளவுஸ் துணியில் டிசைனை இறக்குவதும் ஏறக்குறைய இப்படித்தான். பிறகு தூரிகை. பட்டதும் அந்த மாவு சாயத்தை உறிஞ்சிவிடும், அழிக்க வழியே இல்லை. கை ஒருமுறை நடுங்கினால் தட்டு போச்சு. பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகுக்காகப் போடும் பூச்சுதான் உங்கள் கூஜாவின் மூச்சை அடைத்தது.

கொண்டாட்டம் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை என்கிறேன். ஸ்பெயினில் 1960களில் குழாய்த் தண்ணீர், பிளாஸ்டிக், ஃபிரிட்ஜ் எல்லாம் வீட்டுக்குள் வந்ததும் வயலுக்கும் அடுப்படிக்கும் பானை செய்தவர்கள்தான் முதலில் சூளையை அணைத்தார்கள். ஸமோரா மாகாணத்துப் பெரெருவேலாவில் பெண்கள் வனைந்த அடுப்புச் சட்டிகள் தப்பியதற்குக் காரணம், அதில் வாட்டிய ஆட்டுக்குட்டி இறைச்சிக்கு இன்னும் ஆள் இருக்கிறது. நம்மூரிலும் பொங்கல் பானையும் கார்த்திகை விளக்கும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? எனக்கு நம்பிக்கை தருவது பாராட்டுவிழா அல்ல, பானை வாங்கித் தண்ணீர் ஊற்றி வைக்கும் உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி.

அந்தப் பாட்டி பொத்தீஹோவைத் தலைக்கு மேல் தூக்கி, மூக்கிலிருந்து விழும் நீரை உதடு படாமல் குடித்துக் காட்டியிருப்பாரே? நாம் சொம்பில் அண்ணாந்து குடிக்கிறோமே, அதேதான். வயலில் பத்து பேருக்கு ஒரே பானை என்பதால் வந்த வழக்கம் அங்கே. நம்முடைய அண்ணாந்து குடித்தலுக்கு எச்சில், தீட்டு என்று வேறு கணக்குகளும் உண்டு, அதை இன்னொரு நாள் பேசலாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பூப்போட்டதை அலமாரியில் வையுங்கள், அழகாகத்தான் இருக்கும். வெள்ளையோ சிவப்போ, பூச்சில்லாத ஒன்றை வாங்குங்கள். கடையிலேயே நாக்கு நுனியை அதில் வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். கடைக்காரர் முறைத்தால் பொருட்படுத்தாதீர்கள். முதல் சில நாள் தண்ணீரில் மண்வாசம் ஏறும். அங்கே அதற்குச் சோம்புச் சாராயம் கொஞ்சம் விட்டு ஊறவைத்துக் கொட்டுவார்கள். மாமியாரிடம் இந்தப் பகுதியைச் சொல்லாமலிருப்பது உங்கள் விருப்பம். அப்புறம் வெயில் படாத, காற்று வரும் ஜன்னலோரம் ஒரு தட்டின் மேல் வையுங்கள். காலையில் தட்டு நனைந்திருந்தால் அதை ஒரு போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புங்கள்.