பூனைக்குச் சிறுநீரக நோய்: மருந்தோடு கஷாயமும் கொடுக்கலாமா?

பெங்களூரு அல்சூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: 13 வயதுப் பூனை, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) 3.4, டாக்டர் சொன்ன உணவோடு மூக்கிரட்டைக் கஷாயமும் கொடுக்கலாமா என்று.

கஷாயம் வேண்டாம். பூனையின் கல்லீரலுக்குப் பல பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் நம்மைவிடக் குறைவு. நாம் சாப்பிடும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றேவிடும். நமக்கு ஒத்துக்கொள்வது பூனைக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள்.

கிரியேட்டினின் 3.4 என்றால் நோயின் நான்கு நிலைகளில் மூன்றாம் நிலை. போன சிறுநீரகம் திரும்பாது. ஆனாலும் நன்றாகக் கவனித்தால் வருடக்கணக்கில் வாழும் பூனைகள் உண்டு, மனம் தளராதீர்கள். முக்கியமானது பாஸ்பரஸைக் குறைப்பது. அதனால் முள்ளோடு போடும் நெத்திலியையும் கருவாட்டையும் நிறுத்துங்கள். சிறுநீரக உணவை ஒரே நாளில் மாற்றினால் முகர்ந்துவிட்டுப் போய்விடும். வழக்கமான சாப்பாட்டில் புது உணவை ஒரு ஸ்பூன் கலந்து, லேசாகச் சூடாக்கி, மணம் வரும்போது வையுங்கள். பட்டினி மட்டும் போடவே கூடாது.

டாக்டர் தோலடியில் சலைன் ஏற்றச் சொன்னால் பயப்படாதீர்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்கி ஊசியைச் செருகுவார்கள். நீர் முன்னங்கால் பக்கம் பை மாதிரி தொங்கும், சில மணி நேரத்தில் வற்றிவிடும். ஒருமுறை கற்றுக்கொண்டால் வீட்டிலேயே செய்யலாம்.

அக்குபஞ்சர்? குமட்டல் குறையலாம் என்கிறார்கள், ஆதாரம் குறைவு. பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் செய்தால் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், சிகிச்சைக்குப் பதிலாக அல்ல. அப்புறம், ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டையும் பலர் கேட்பதே இல்லை.