யூரியாவைக் குறைத்தால் நிறம் ஏறுமா?

கேள்வி: காட்டனில் ரியாக்டிவ் பிரிண்டிங் (நூலோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் சாயத்தால் அச்சிடுவது) செய்கிறோம். கிலோ அச்சுப் பேஸ்ட்டுக்கு 150 கிராம் யூரியா போகிறது. கழிவுநீரில் நைட்ரஜன் அதிகம் என்கிறார்கள். யூரியாவைக் குறைத்தாலோ நிறம் வெளுக்கிறது. என்ன செய்வது? – வாசகர், ஈரோடு

பதில்: யூரியா எடையில் 46 சதவீதம் நைட்ரஜன். உங்கள் அளவில் டன் பேஸ்ட்டுக்கு ஏறக்குறைய 70 கிலோ நைட்ரஜன்! அது துணியில் தங்காது. பெரும்பகுதி வாஷிங்கில் இறங்கிவிடும். சாயத்தை நீராவியில் பிடிக்கவைக்கும் ஸ்டீமருக்குள் ஈரத்தைப் பிடித்துவைத்து, சாயம் கரையவும் நூல் உப்பவும் உதவுவதுதான் அதன் முக்கிய வேலை. அந்த ஈரத்தை நீங்களே கொடுங்கள்.

அச்சடித்துக் காய்ந்த துணி ஸ்டீமருக்குள் நுழையுமுன், துணி எடையில் 10 சதவீதம் தண்ணீரைப் பனிபோலத் தெளிக்க வேண்டும். சதுர மீட்டர் 120 கிராம் துணிக்கு 12 கிராம் தண்ணீர், அவ்வளவே. விஸ்கோஸுக்கு 20 சதவீதம் வரை போகலாம். துளி பெரிதானால் புள்ளி விழும். அளவு மிஞ்சினால் கோட்டோரம் கசியும். ஸ்டீமரில் 102 டிகிரி ஈர நீராவி 8 முதல் 10 நிமிடம். சூடு அதிகமான உலர் நீராவி என்றால் தெளித்த ஈரம் உடனே பறந்துவிடும். பழி யூரியாவைக் குறைத்ததன்மேல் விழும்.

ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். 150, 110, 70, 40 என்று இறக்கி, ஒவ்வொன்றையும் சோப்பு வாஷுக்குப் பிறகே ஒப்பிடுங்கள். குறைத்த எடைக்குக் கம்மும் (பேஸ்ட்டைக் கெட்டியாக்கும் பசை) தண்ணீரும் சேர்த்துப் பேஸ்ட்டின் கெட்டியைப் பழைய அளவில் வையுங்கள். சாயத்தைத் தனியே வெந்நீரில் கரைத்து வடிகட்டாவிட்டால் பொட்டுப் பொட்டாகத் தெரியும். டர்க்காய்ஸ் (பச்சை கலந்த நீலம்) சாயத்தைக் கடைசியில் தொடுங்கள். அதுதான் அதிகம் முரண்டு பிடிக்கும்.

கேள்வி: யூரியாவுக்கு மாற்று என்று டைசயன்டயமைடு தருகிறார்களே?

பதில்: அதில் நைட்ரஜன் 66 சதவீதம்! குறைவாகப் போட்டாலும், அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவை அது முடக்கும். வயலில் அதற்காகவே பயன்படுவது. அதே பாக்டீரியாவை நம்பியிருக்கும் சுத்திகரிப்புத் தொட்டிக்குள் விடலாமா என்று யோசியுங்கள்.

கேள்வி: கழிவுநீர்ச் சோதனையில் சிஓடி (வேதி ஆக்சிஜன் தேவை), அம்மோனியா இரண்டும் சரி. பிறகு எப்படி நைட்ரஜன் அதிகம்?

பதில்: சிதையாத யூரியா அந்த இரண்டிலும் தெரியாது. கெல்டால் நைட்ரஜன் (அம்மோனியாவோடு யூரியா போன்றவற்றின் நைட்ரஜனையும் சேர்த்து அளக்கும் சோதனை) பாருங்கள். ஆர்ஓ சவ்வு வடிகட்டி யூரியாவைத் தடுக்கும் என்றும் நம்பாதீர்கள். மின்னூட்டமில்லாத சிறு மூலக்கூறு, கணிசமான பங்கு நழுவிவிடும். வாளியிலும் ஸ்க்ரீனிலும் மிஞ்சும் பேஸ்ட்டைக் கழுவுமுன் வழித்தெடுத்து, அடுத்த அடர்நிறத்தில் கலந்துவிடுங்கள்.